வானேறும் வழி – 14: காதங்கிக்குத் திரும்பிய எதிரொலி

ஒவ்வொரு ராக்கெட் ஏவுதலுக்கு முன்பும் தொலைக்காட்சியில் அநேகமாக ஒரே காட்சி வரும். இஸ்ரோ விஞ்ஞானிகள் சிலர் கையில் சிறு மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு திருமலைக்குப் போவார்கள். ஏழுமலையானை வணங்கிவிட்டு இறங்குவார்கள். 2023 ஜூலையில் சந்திரயான்-3 புறப்படும் முன்பும் அது நடந்தது. அப்போதைய தலைவர் சோமநாத், சூளூர்ப்பேட்டை செங்காளம்மன் கோயிலுக்கும் போய்வந்தார். விண்வெளிக்கும் திருப்பதிக்கும் என்ன உறவு என்று கேட்டால் நம்மில் பலருக்கு இந்தக் காட்சிதான் நினைவுக்கு வரும்.

இன்னோர் உறவும் இருக்கிறது. அதைப் பார்க்க மலை ஏறத் தேவையில்லை. திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ பாதி வழியில், குன்றுகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் காதங்கி என்ற சிற்றூர் இருக்கிறது. காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பார்த்துவிட்டுத் திருப்பதிக்குக் காரில் போகிறவர்களுக்கு அது ஒரு டோல்கேட்டின் பெயர். வானியற்பியல் படிக்கிறவர்களுக்கோ டோக்கியோவிலும் லிமாவிலும் சொன்னால் உடனே புரிகிற பெயர். இந்த அத்தியாயம் அந்த ஊரைப் பற்றியது.

இந்த வட்டாரத்தின் எல்லைக்கோடுகள் அடிக்கடி மாறியவை. பழைய வட ஆற்காட்டின் ஒரு பகுதியை எடுத்துத்தான் 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த கதை. பெரிய மாற்றம் ஒன்று 2022 ஏப்ரல் 4 அன்று வந்தது. அன்று பிறந்த திருப்பதி மாவட்டம், சித்தூரிலிருந்து காதங்கி இருக்கும் பாக்காலா மண்டலத்தையும், நெல்லூரிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா இருக்கும் சூளூர்ப்பேட்டைப் பகுதியையும் எடுத்துக்கொண்டது. அறுபது ஆண்டு இந்திய விண்வெளி வரலாற்றில் ராக்கெட் கிளம்பும் தீவும், அது கிழித்துச் செல்லும் காற்றை ஆராய்ந்த பள்ளத்தாக்கும் இப்போது ஒரே கலெக்டரின் ஆளுகையில் இருக்கின்றன.

தீவின் கதையைச் சென்ற சில வாரங்களில் பார்த்தோம். 1960களின் இறுதியில் விக்ரம் சாராபாயின் குழு கிழக்குக் கரையில் இடம் தேடியது. பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவிலிருந்த ஸ்ரீஹரிகோட்டா தேர்வானது. சென்னைக்கு விறகு அனுப்பிக்கொண்டிருந்த காட்டுத் தீவு அது. யானாதிப் பழங்குடிகளின் வாழ்விடமும் அதுவே. அவர்கள் இழந்ததைக் குறிப்பிடாமல் ஏவுதளத்தின் வரலாற்றை எழுதுவது நியாயமில்லை என்று ஒன்பதாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். இப்போதும் அதையேதான் சொல்வேன். 1971 அக்டோபர் 9 அன்று ரோகிணி-125 என்ற சிறு ராக்கெட் அங்கிருந்து முதன்முதலாகக் கிளம்பியது. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று அதே ரக ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. சொந்த ராக்கெட்டில் சொந்த செயற்கைக்கோளை அனுப்பிய நாடுகளின் சிறிய பட்டியலில் இந்தியா சேர்ந்தது. சென்ற அத்தியாயம் அங்கே நின்றது.

அதற்குப் பிறகு வந்த காலம் கடினமானது. எஸ்.எல்.வி-3 சுமக்கக் கூடியது ஏறத்தாழ 40 கிலோ. அதைக் கொண்டு பயிர் நிலத்தைப் படம் பிடிக்கவோ வானிலையைக் கவனிக்கவோ முடியாது. சுமையை 150 கிலோவாக உயர்த்த ஏ.எஸ்.எல்.வி. திட்டமிடப்பட்டது. பழைய ராக்கெட்டின் முதல் அடுக்கைப் போன்ற இரண்டு மோட்டார்களை அதன் இரு பக்கமும் கட்டினார்கள். தரையிலிருந்து கிளம்பும்போது பக்க மோட்டார்கள் மட்டும் எரியும். அவை எரிந்து தீரும் தறுவாயில் நடுவிலிருக்கும் முதல் அடுக்கு பற்றிக்கொள்ள வேண்டும்.

1987 மார்ச் 24 அன்று நடு அடுக்கு பற்றவேயில்லை. பக்க மோட்டார்கள் தீர்ந்ததும் ராக்கெட் உந்துவிசை இல்லாமல் கடலுக்குத் திரும்பியது. 1988 ஜூலை 13 அன்று நடு அடுக்கு பற்றியது; ஆனால் பக்க மோட்டார்களின் விசை வடிந்து நடு அடுக்கின் விசை ஏறும் அந்தச் சில நொடிகளில் ராக்கெட் நிலைகுலைந்து முறிந்தது. அதற்கான காரணம் இந்த அத்தியாயத்துக்கு முக்கியம். அந்த மாற்றம் நிகழ்ந்த உயரத்தில் காற்று இன்னும் அடர்த்தியாகத்தான் இருக்கிறது. ராக்கெட்டின் வேகமோ மளமளவென ஏறிக்கொண்டிருக்கிறது. அடர்த்தியும் வேகமும் சேர்ந்து ராக்கெட்டின் மேல் உண்டாக்கும் அழுத்தம் உச்சத்தைத் தொடும் கட்டம் அது. அந்தக் கட்டத்தில் மூக்கு ஒன்றிரண்டு பாகை விலகினாலும் காற்று பக்கவாட்டில் அறையும். நிமிர்த்திப் பிடிக்கும் கட்டுப்பாட்டு விசை அந்த நொடியில் போதுமானதாக இல்லை. 

1988இன் தோல்விக்கு அன்று வீசிய காற்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆய்வுக் குழுக்கள் கட்டுப்பாட்டு முறையிலும் பற்றவைக்கும் நேரத்திலும்தான் குறை கண்டன, அவற்றைத்தான் திருத்தினார்கள். பக்க மோட்டார்களின் விசை உண்மையிலேயே வடிந்துவிட்டதா என்று ராக்கெட்டே கணித்து, அதன்படி நடு அடுக்கைப் பற்றவைக்கும் முறை வந்தது. நிலைத்தன்மைக்கு இறக்கைகள் சேர்ந்தன. 1992 மே 20 அன்று மூன்றாவது ஏ.எஸ்.எல்.வி. செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோனது. ஆனாலும் இந்த ஐந்தாண்டு ஒரு பாடத்தை எல்லார் மனத்திலும் பதித்துவிட்டது. ராக்கெட்டின் ஆபத்தான பயணம் விண்வெளியில் இல்லை. தரைக்கு மேலே முதல் பதினைந்து, இருபது கிலோமீட்டரில், நாம் மூச்சுவிடும் இதே காற்றில்தான் இருக்கிறது.

அந்தக் காற்றைப் பற்றி அன்று நமக்கு எவ்வளவு தெரியும்? மீனம்பாக்கத்திலும் நாட்டின் மற்ற வானிலை நிலையங்களிலும் நாளுக்கு இருமுறை பலூன் விடுவார்கள். பலூன் மேலே போகப் போகக் காற்று அதைத் தள்ளும் போக்கிலிருந்து வேகத்தையும் திசையையும் கணிப்பார்கள். இப்படிக் கிடைத்த தகவல்களைக் கொண்டே வானிலை ஆய்வாளர் பி. கோடீஸ்வரம் 1950களில் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றைச் செய்தார். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஓர் அசுரக் காற்றாறு ஓடுகிறது என்பதே அது. ஏறத்தாழ 15, 16 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 140 கிலோமீட்டரையும் தாண்டி அது வீசும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜூலையில் கிளம்பும் எந்த ராக்கெட்டும் அதைக் கடந்தாக வேண்டும்.

ஆனால் பலூன் ஒரு முறை ஏறினால் ஒரு கோட்டைத்தான் தரும். காலையில் ஏறியதற்கும் மாலையில் ஏறியதற்கும் இடையே என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. காற்று பக்கவாட்டில் ஓடுவதைச் சொல்லும். மேலும் கீழுமாக எழுந்து தாழ்வதை அதனால் நேராக அளக்க முடியாது. நம் வானிலையை இயக்குவது அந்த எழுச்சியும் தாழ்ச்சியும்தான்.

இதற்கு விடை பெருவிலிருந்து வந்தது. லிமாவுக்கு அருகே ஹிகமார்க்கா என்ற இடத்தில் 1960களின் தொடக்கத்தில் அயனமண்டலத்தை ஆராயப் பெரிய ரேடார் ஒன்றை அமைத்திருந்தார்கள். 1974இல் வுட்மன், கியென் என்ற இருவர் அதே ரேடாரைக் கொண்டு, மேகமோ மழையோ இல்லாத வெறும் காற்றிலிருந்தும் எதிரொலி பெற முடியும் என்று காட்டினார்கள். உலகெங்கும் ஆய்வாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகம் ஷிகராகி மலையில் அப்படி ஒரு ரேடாரை 1984இல் இயக்கியது. இந்தியாவிலும் 1980களில் நடுவளிமண்டல ஆய்வுத் திட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது; பலூன், ராக்கெட், தரைக்கருவி என்று பல நிறுவனங்கள் சேர்ந்து உழைத்த திட்டம் அது. நமக்கென்று ஒரு பெரிய ரேடார் வேண்டும் என்ற கோரிக்கை அங்கேதான் உருப்பெற்றது.

ராக்கெட்டுகள் கடலில் விழுந்துகொண்டிருந்த காலத்தில், உடனே பயன் காட்டாத ஒரு கருவிக்குப் பணம் ஒதுக்கினார்கள் என்பதை நான் இந்தத் தொடரின் பெரிய முடிவுகளில் ஒன்றாகவே வைக்கிறேன். விண்வெளித் துறை முன்னின்றது. மின்னணுவியல் துறை, அறிவியல் தொழில்நுட்பத் துறை, டி.ஆர்.டி.ஓ., சி.எஸ்.ஐ.ஆர். முதலியவையும் கைகொடுத்தன. கட்டும் பொறுப்பு மும்பையின் சமீர் நிறுவனத்துக்குப் போனது. வெளிநாட்டிலிருந்து முழுதாக வாங்கிவந்து நிறுத்தவில்லை. வடிவமைப்பும் கட்டுமானமும் இங்கேயே நடந்தன. 

இடம் காதங்கி. மூன்று வசதிகள் அங்கே ஒன்றாக அமைந்திருந்தன. நாலு பக்கமும் குன்றுகள் இருப்பதால் நகரத்து ரேடியோ இரைச்சல் பள்ளத்தாக்குக்குள் அவ்வளவாக நுழையாது. கிழக்கே நேர்கோட்டில் 110 கிலோமீட்டர் போனால் ஸ்ரீஹரிகோட்டா. திருப்பதியில் 1954 முதல் இயங்கிவரும் வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருந்தது. இயற்பியல் படித்த பிள்ளைகளுக்கும் பேராசிரியர்களுக்கும் குறைவில்லை. இந்த மூன்றாவதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. கருவியை எங்கு வேண்டுமானாலும் நட்டுவிடலாம்; அதன் தரவோடு ஆண்டுக்கணக்கில் உட்கார ஆள் வேண்டும். 

ரேடார் என்றதும் சுழலும் கிண்ணத்தைத்தான் நினைப்போம். காதங்கியில் எதுவும் சுழலாது. 130 மீட்டர் நீளம், 130 மீட்டர் அகலம், அதாவது நான்கு ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட சதுர நிலம். அதில் வரிசைக்கு 32 வீதம் 32 வரிசை, மொத்தம் 1,024 இடங்களில் யாகி ஆன்டெனாக்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. 1980களில் தூர்தர்ஷன் பார்க்க நம் மொட்டை மாடிகளில் கட்டியிருந்தோமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஆன்டெனாதான். அங்கே அது அடிவானத்தை நோக்கும், இங்கே உச்சியை நோக்கும். 32 ஒலிபரப்பிகள் சேர்ந்து உச்சக்கட்டமாக 2.5 மெகாவாட் திறனைத் துடிப்புத் துடிப்பாக மேலே அனுப்பின. அதிர்வெண் 53 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் ஐந்தரை மீட்டருக்குச் சற்று மேலே. 

வெறும் காற்று எப்படி எதிரொலிக்கும்? சித்திரை வெயிலில் தார்ச்சாலைக்கு மேலே காற்று நெளிவதைப் பார்த்திருப்போம். வெப்பமும் ஈரமும் இடத்துக்கு இடம் மாறுவதால் ஒளி வளைகிறது. அதனால் நெளிவு தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதே மாதிரியான கலக்கம் வானம் முழுக்க இருக்கிறது. அதில் ஏறத்தாழ மூன்று மீட்டர் அளவுள்ள நெளிவுகள், அதாவது அலைநீளத்தில் பாதி, இந்த ரேடாரின் அலையைத் துளியளவு திருப்பி அனுப்பும். மெகாவாட் கணக்கில் போனது, வரும்போது இரைச்சலுக்குள் புதைந்த கீற்றாக வரும். ஆயிரக்கணக்கான துடிப்புகளின் விடைகளைக் கூட்டிக் கூட்டித்தான் அதைப் பிரித்தெடுக்க வேண்டும். நெளிவுகள் காற்றோடு மிதந்து போவதால் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றே மாறும். அந்த மாற்றம்தான் வேகம். ஆன்டெனாக்களுக்குப் போகும் அலையின் கட்டத்தை மாற்றிக் கதிரை உச்சிக்கும், பிறகு கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று பத்துப் பாகை சாய்த்தும் அனுப்பினால், சில நிமிடங்களில் தலைக்கு மேலே உள்ள காற்றின் முழு ஓட்டமும் கிடைத்துவிடும். உச்சிக் கதிரோ, காற்று எழுவதையும் தாழ்வதையும் நேராகவே சொல்லும்.

1990களின் தொடக்கத்தில் படிப்படியாக இயங்கத் தொடங்கி 1993இல் ரேடார் முழுத் திறனுக்கு வந்தது. பி.பி. ராவும் ஏ.ஆர். ஜெயினும் சமீரின் எஸ்.எச். தாம்லேயும் மற்றத் தோழர்களும் சேர்ந்து இதன் அமைப்பையும் முதல் அளவீடுகளையும் விவரித்து 1995இல் எழுதிய கட்டுரையை இன்றும் இந்தத் துறைக்கு வரும் மாணவர்கள் முதலில் படிக்கிறார்கள். தரைக்கு மேலே சுமார் மூன்றரை கிலோமீட்டரிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் வரை தொடர்ச்சியாகவும், பகலில் 60 முதல் 80 கிலோமீட்டர் வரையுள்ள இடையடுக்கிலும், அதையும் கடந்து அயனமண்டலத்திலும் அதன் கண் எட்டியது. வெப்பமண்டலத்தில் அப்படி ஒரு கருவி அரிது.

அதே 1993இன் செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் முதல் பி.எஸ்.எல்.வி. கிளம்பியது. 44 மீட்டர் உயர ராக்கெட். அடர்ந்த காற்றை அது சரியாகவே கடந்தது. இரண்டாம் அடுக்கு பிரிந்து மூன்றாம் அடுக்கு இயங்கும் வேளையில் வந்த கோளாறும், கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்த பிழையும் சேர்ந்து அதைக் கவிழ்த்தன. ஓராண்டு கழித்து 1994 அக்டோபர் 15 அன்று இரண்டாவது பி.எஸ்.எல்.வி. 800 கிலோவுக்கு மேற்பட்ட ஐ.ஆர்.எஸ்-பி2 செயற்கைக்கோளை உரிய இடத்தில் சேர்த்தது. பின்னாளில் சந்திரயான்-1ஐயும் மங்கள்யானையும் தூக்கிய ராக்கெட்டின் கதை அங்கே தொடங்குகிறது. பள்ளிப் பாடப் புத்தகங்களில் இந்தத் தேதி இருக்கிறது. காதங்கி 1993 இல்லை.

ஏவுதல் நாளில் ஸ்ரீஹரிகோட்டா சார்ந்திருப்பது அங்கேயே விடும் பலூன்களைத்தான். புறப்பாட்டுக்கு முன் கடைசி மணி நேரங்களில் பலூன் கொண்டுவரும் காற்று அளவைக் கணினியில் ஏற்றி, அன்றைய காற்றுக்கு ஏற்ப ராக்கெட் எந்தக் கோணத்தில் சாய்ந்து போக வேண்டும் என்று பாதையைத் திருத்துவார்கள். சுமை வரம்பைத் தாண்டினால் காத்திருப்பார்கள். ஆனால் பலூன் ஏறிய நேரத்துக்கும் ராக்கெட் கிளம்பும் நேரத்துக்கும் இடையே காற்று எவ்வளவு மாறக்கூடும் என்பது அடிப்படையான கேள்வி. நிமிடத்துக்கு நிமிடம், ஆண்டுக்கு ஆண்டு ஒரே இடத்தில் நின்று பார்க்கும் கருவிதான் அதற்கு விடை தரும். அந்த அறிவு ஒரு ஏவுதலின் செய்திக்குறிப்பில் வராது. நூறு ஏவுதல்களின் அடியில் கிடக்கும்.

காதங்கி வேறு பலவற்றையும் சொன்னது. இங்கே கீழ்வளிமண்டலத்தின் மிகக் குளிரான அடுக்கு 16, 17 கிலோமீட்டரில், மைனஸ் 80 பாகையையும் தாண்டிய குளிரில் இருக்கிறது. கீழ்க்காற்று மேலடுக்குக்குள் கசியும் வாசல் அதுதான். அந்த வாசல் சில வேளை எப்படித் தளர்கிறது, இடிமேகத்துக்குள் காற்று எந்த வேகத்தில் எழுகிறது, புயல் கடக்கும்போது மேலே அலைகள் எப்படிப் பரவுகின்றன என்றெல்லாம் பல ஆய்வேடுகள் இங்கிருந்து வந்தன. 1998இல் ஜப்பானிய உதவியோடு லேசர் லைடார் ஒன்று சேர்ந்தது. பச்சை ஒளியை மேலே பாய்ச்சி, கண்ணுக்கே புலப்படாத மெல்லிய கீற்று மேகங்களையும் தூசுப் படலத்தையும் அது அளந்தது. வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் இந்த ரேடாருக்கென்றே ஓர் ஆய்வு மையம் அமைந்தது. அதில் முன்னின்ற பேராசிரியர் டி. நாராயண ராவ், பிறகு ரேடாரை நடத்தும் காதங்கி நிறுவனத்தின் இயக்குநராகவே வந்தார். ஊருக்குப் பக்கத்துக் கல்லூரியில் படித்தவர்கள் உலகத் தரமுள்ள கருவியில் கை வைக்க முடிந்தது என்பது, எண்களில் அடங்காத பலன்.

2005இல் நிறுவனத்தின் பெயர் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் என்றானது. பழைய 32 ஒலிபரப்பிகளின் இடத்தில் இப்போது ஒவ்வோர் ஆன்டெனா இடத்துக்கும் ஒரு கிலோவாட் திறனுள்ள தனித்தனி மின்னணுப் பெட்டி வந்துவிட்டது. ஒன்று பழுதானாலும் மற்ற ஆயிரத்துச் சொச்சம் வேலை செய்யும். கொச்சியிலும் நைனிதாலிலும் சிறிய அளவில் இதன் தம்பிகள் வந்திருக்கின்றன.

இன்று காதங்கியின் பெரிய கவனம் இன்னும் உயரத்தில். நிலநடுக்கோட்டுப் பகுதிகளில் சூரியன் மறைந்த பிறகு, அதிலும் பங்குனி, புரட்டாசியை ஒட்டிய மாதங்களில், அயனமண்டலத்தில் பெரும் வெற்றிடங்கள் குமிழ்களாக எழும். அவற்றின் ஊடே வரும் செயற்கைக்கோள் சமிக்ஞை நடுங்கும். சில வேளை அறுந்தும் போகும். விமானங்களுக்கு வழிகாட்டும் ககன் அமைப்பும், நம் நாவிக் செயற்கைக்கோள்களும் எதிர்கொள்ளும் சிக்கல் இது. அந்தக் குமிழ்கள் எங்கே பிறந்து எந்தப் பக்கம் நகர்கின்றன என்று காதங்கியில் 30 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் இன்னொரு ரேடாரும் சேர்ந்து இரவு முழுக்கப் பார்க்கிறது.

அடுத்த வாரம்: துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. நேராகத் தெற்கே போகாமல், இலங்கையைத் தவிர்த்து வளைந்து போவது ஏன்? அந்த வளைவுக்கு எவ்வளவு எரிபொருள் செலவாகிறது? 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் நட்ட அடிக்கல் அந்தக் கணக்கை எப்படி மாற்றும்?

(தொடரும்)